கோயிலிலிருந்து கலைக்கூடத்துக்கு: கோலாலம்பூரில் ஓவியமும் புகைப்படமும் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலுக்கு எங்கள் குடும்பம் பல ஆண்டுகளாகப் போய்வருகிறது. அதே சாலையில் ஒரு பழைய கடைவீட்டில் வெய்-லிங் கேலரி 2002 முதல் இயங்குகிறது. அர்ச்சனைத் தட்டோடு அந்த வாசலை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. எங்களை யாரும் தடுக்கவில்லை. அது வேறு யாருக்கோ உரிய இடம் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அந்த வாசற்படியில் கால் வைக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. உங்களுக்கு ஒரு வாரம் போதும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என்னோடு முதன்முறை வருகிறவர்கள், இங்கேயே பிறந்தவர்களானாலும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களானாலும், கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நம்மை உள்ளே விடுவார்களா?" விடுவார்கள். கோட்டு சூட்டு வேண்டாம். வாங்குவதாகப் பாவனை செய்யவும் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் டிக்கெட்டே கிடையாது.

முதல் பயணம்: ஒரே ஒரு இடம்

ஒரே நாளில் மூன்று கூடங்களைச் சுற்றினால் கால் வலிதான் நினைவில் நிற்கும். முதல்முறை தேசியக் கலைக்கூடத்துக்கு மட்டும் போங்கள். மலாயில் பாலாய் செனி நெகாரா என்று கேட்டால் வழி சொல்வார்கள். அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 1958 ஆகஸ்ட் 27-இல் திறந்துவைத்த நிறுவனம் இது. அம்பாங் சாலையில் தொடங்கி, 1984-இல் பழைய ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த மெஜஸ்டிக் ஓட்டல் கட்டடத்துக்கு மாறி, 1998-இல் தித்திவாங்சா ஏரிக்கு அருகே சொந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது. அனுமதி இலவசம்.

எம்.ஆர்.டி. நகர ரயிலின் புத்ராஜெயா தடத்தில் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மலேசியக் குடியுரிமை உள்ளவர்கள் 50 ரிங்கிட்டுக்கு மை50 பயண அட்டை வாங்கிக்கொண்டால் முப்பது நாளும் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாவற்றிலும் கணக்குப் பார்க்காமல் போய்வரலாம். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கோலாலம்பூர் மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். நனைந்த உடுப்போடு குளிரூட்டிய கூடத்தில் நிற்பது பெரும் பாடு. வயதானவர்களை அழைத்துப்போகிறீர்கள் என்றால் ஒரு சால்வையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன் அந்தக் கூடத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துவிடுவது அவசியம். நேரம் தெரிந்தால் மட்டும் போதாது. கண்காட்சி எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பதையும் பாருங்கள். ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை படங்களை இறக்கி ஏற்றும் வேலை நடக்கும். அந்த நாள்களில் கட்டடம் திறந்திருக்கும், அரங்கு பூட்டியிருக்கும். திங்கட்கிழமை பல கூடங்களுக்கு விடுமுறை.

வாசலைத் தாண்டியதும்

பெரிய பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். உங்கள்மீது சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுகுப்பையோடு திரும்பும்போது படத்தில் இடித்துவிடும் ஆபத்து எல்லோருக்கும் பொது. குடையும் தண்ணீர்ப் போத்தலும் அப்படியே. குறிப்பெடுக்க விரும்பினால் பென்சில் கொண்டுபோங்கள். பேனாவை அனுமதிக்காத அரங்குகள் உண்டு. கைப்பேசியில் படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். எடுக்கலாம் என்றாலும் பிளாஷ் கூடாது.

முகப்பில் இருப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: "நிரந்தரச் சேகரிப்பிலிருந்து இப்போது எவையெல்லாம் சுவரில் இருக்கின்றன?" தேசியச் சேகரிப்பு மிகப் பெரியது, அதில் ஒரு பகுதிதான் எந்த நேரத்திலும் வெளியே இருக்கும். இந்தக் கேள்வியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்து அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீன், அசோகவனத்தில் அனுமன் சீதையைக் காணும் காட்சியை 1972-இல் மிகப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அது தேசியச் சேகரிப்பில் இருக்கிறது. ஒரு தமிழ் முஸ்லிம் ஓவியர் வரைந்த ராமாயணம் மலேசிய நாட்டின் சொத்தாக இருப்பதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? நீங்கள் போகும் நாளில் அது சுவரில் இல்லாமல் போகலாம். ஆனால் நாம் கேட்டால்தான், அதைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியவரும்.

பெயர்ச்சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

படத்தின் பக்கத்தில் சிறு சீட்டு இருக்கும். பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். தமிழில் எழுதியதை நான் பார்த்ததில்லை. புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் இந்தச் சில மலாய்ச் சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும். தாஜுக் என்பது தலைப்பு. தாஹுன் என்பது ஆண்டு. சாட் மிஞாக் என்றால் எண்ணெய் வண்ணம், சாட் ஆயெர் நீர்வண்ணம், ஆராங் கரிக்கோல். மெடியா சம்புரான் என்று இருந்தால் பல பொருள்களைக் கலந்து செய்தது. செத்தாக்கான் என்பது அச்சுப்படி. புகைப்பட அரங்கில் இதை அடிக்கடி காண்பீர்கள். கோலெக்சி என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர் படத்தின் உடைமையாளர். ஜாங்கான் செந்தோ என்றால் தொடாதீர்கள்.

சீட்டை முதலில் படிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. படத்தின் முன் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு இரண்டடி நெருங்கிப் பாருங்கள், நாலடி விலகிப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று உங்களுக்குள் தமிழில் சொல்லிப்பாருங்கள். அதன்பின் சீட்டுக்குப் போங்கள். சீட்டை முதலில் படித்தவர்கள் அதில் எழுதியிருப்பதை மட்டும் படத்தில் தேடிவிட்டு நகர்ந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அரங்கில் இருக்கும் எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒருமுறை வேகமாகச் சுற்றி வாருங்கள். உங்களை இழுத்த மூன்று படங்களுக்குத் திரும்பிப் போங்கள். மீதி நேரம் முழுவதும் அவற்றுக்குத்தான்.

புகைப்பட அரங்கு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஓவியத்தின் முன் தயங்குகிற நம் ஆட்கள் புகைப்படத்தின் முன் தயங்குவதில்லை. அதனால் வேகமாகக் கடந்தும் விடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் என் அத்தையை ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு அழைத்துப்போனேன். இருபது வருடங்களுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் இறக்கியவர். "எனக்கு என்ன தெரியும் இதிலெல்லாம்" என்றுதான் வந்தார். தோட்டத்துப் பெண் ஒருத்தி கத்தியோடு ரப்பர் மரத்தடியில் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முன்னால் அவர் கால் நின்றது. நானும் அதைப் பார்த்திருந்தேன். அழகான வெளிச்சம் என்று நினைத்துக் கடந்திருந்தேன். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பெண் மரம் வெட்டவில்லை" என்றார். "நிழலைப் பார். காலடியிலேயே விழுகிறது. உச்சி வெயில். நாங்கள் இருட்டோடு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும் முன்பே வெட்டி முடித்துவிடுவோம். வெயிலில் பால் எங்கே வடியும்? பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைப் பார், துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. வெட்டுக்காயத்தில் உறைந்த ஒட்டுப்பால்கூட இல்லை. யாரோ துரை கூப்பிட்டு நிற்கவைத்திருக்கிறான்."

பக்கத்துச் சீட்டில் இந்தச் செய்தி எதுவும் இல்லை. படம் எடுத்த முறையையே அத்தை ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்: ரயில்வேயில் இருந்த தாத்தா, துணி தைத்த பாட்டி, கப்பல் துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா. அவர்களை அழைத்துப்போங்கள். கலை பற்றி அவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். படத்தில் இருக்கும் வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

நீங்களாகப் பார்க்கும்போது நான்கைந்து கேள்விகள் உதவும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? படம் எடுத்தவர் எங்கே நின்றார், எதிரில் இருப்பவரைவிட மேலேயா கீழேயா? படத்தில் இருப்பவருக்குக் கேமரா இருப்பது தெரியுமா? ஓரத்தில் எது வெட்டுப்பட்டிருக்கிறது? படத்தில் இருப்பவரின் பெயர் சீட்டில் இருக்கிறதா?

கடைசிக் கேள்வி நமக்கு மிக முக்கியம். காலனிக் காலத்தில், சிங்கப்பூரில் இயங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் போன்ற ஸ்டுடியோக்கள் இந்த வட்டார மக்களைப் படமெடுத்து விற்றன. அக்காலப் படங்களிலும் அஞ்சல் அட்டைகளிலும் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்று இனத்தையும் தொழிலையும் மட்டும் குறித்தார்கள். ஆளுக்குப் பெயர் இல்லை. மூக்குத்தி, தண்டட்டி, சேலைக்கட்டு எல்லாம் துல்லியமாகத் தெரியும். யாருடைய பாட்டி என்று மட்டும் தெரியாது. அப்படியொரு படத்தின் முன் நிற்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு கனத்துப்போகிறது.

நம் ஆட்கள் படத்துக்குள் மட்டும் இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மலாய் மொழியில் புகைப்படக் கலையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றை எழுதியவர் மலாக்காவில் பிறந்த அப்துல்லா முன்ஷி. அரபு வழியோடு தமிழ் வழியும் கலந்த குடும்பம், தமிழ் கற்றவர். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் சிங்கப்பூர் நகரம் அப்படியே பதிந்திருப்பதைக் கண்ட வியப்பை, 1849-இல் அச்சேறிய தன் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்தார். பினாங்கில் 1941-இல் பிறந்த கலைஞர் நிர்மலா தத் சண்முகலிங்கம், 1973-இல் சுற்றுச்சூழல் சீர்கேட்டைத் தானே எடுத்த புகைப்படங்களோடும் கண்டெடுத்த கழிவுப் பொருள்களோடும் கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். குப்பையைக் கலைக்கூடத்தில் வைப்பதா என்று பலர் திகைத்திருக்கக்கூடிய காலம் அது. அவருடைய பெயரை எந்தச் சீட்டில் கண்டாலும் அங்கே கூடுதலாகப் பத்து நிமிடம் நில்லுங்கள்.

அரங்கு மங்கலாக இருந்தால் விளக்கு பழுது என்று எண்ண வேண்டாம். வண்ணப் புகைப்படம், நீர்வண்ணம், பழைய தாள் ஆகியவை வெளிச்சத்தில் நிறம் இழக்கும். இழந்த நிறம் திரும்பாது. அதனால் அவற்றின்மீது சுமார் 50 லக்ஸ் அளவு வெளிச்சமே விழும்படி வைப்பது வழக்கம். உள்ளே நுழைந்து இரண்டு நிமிடம் கழித்தால் கண் பழகிவிடும். சீட்டில் 3/10 என்று இருந்தால், அந்தப் படத்தைப் பத்துப் படிகள் மட்டுமே அச்சிடுவதாகக் கலைஞர் உறுதியளித்திருக்கிறார், இது மூன்றாவது என்று பொருள்.

அடுத்தது இல்ஹாம்

இரண்டாவது பயணத்துக்கு பிஞ்சாய் சாலையில் உள்ள இல்ஹாம் கேலரியைச் சொல்வேன். 2015-இல் திறக்கப்பட்டது. உயர்ந்த கோபுரக் கட்டடம், பளபளக்கும் முகப்பு, காவலர்கள். பார்த்ததும் திரும்பிவிடத் தோன்றும். திரும்பாதீர்கள். அரங்குகள் மூன்றாம், ஐந்தாம் தளங்களில் இருக்கின்றன, அனுமதி இலவசம், அம்பாங் பார்க் நிலையத்திலிருந்து நடந்துபோகலாம். 2020-இல் மலேசியாவின் புகைப்படப் பண்பாடுகளைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சியை நடத்திய இடம் இது. இங்கே அரங்கு விளக்கங்களை எழுதும் விதமும் எனக்குப் பிடிக்கும். பின்னணி தெரியாதவரும் தொடர்ந்து படிக்கலாம். கையேடு இருந்தால் எடுத்துவந்து வீட்டில் நிதானமாகப் படியுங்கள்.

படம் விற்கும் கூடங்கள்

வெய்-லிங் போன்ற தனியார் கூடங்கள் படங்களை விற்பவை. புடவைக் கடைக்குள் நுழைந்தால் வாங்காமல் வெளியே வரக் கூச்சப்படுகிறோமே, அந்தக் கூச்சம் இங்கே தேவையில்லை. பார்க்க வருகிறவர்கள் இல்லாமல் கலைஞனின் பெயர் ஊரில் பரவாது என்பது நடத்துபவர்களுக்குத் தெரியும். கதவு மூடியிருந்தால் அழைப்புமணியை அழுத்துங்கள். சில இடங்களில் முன்கூட்டிச் செய்தி அனுப்பிவிட்டுப் போவது நல்லது. சுவரில் விலை இருக்காது. விலைப்பட்டியல் என்று கேட்டால் தருவார்கள். படத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தால் விற்றுவிட்டது.

எனக்கும் ஒருமுறை கசப்பு நேர்ந்தது. ஒரு கூடத்தில் வரவேற்பில் இருந்தவர் நாங்கள் வந்ததிலிருந்து போகும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு மட்டும் எழுந்துநின்று விளக்கினார். மனம் வலித்தது. ஆனாலும் அடுத்த மாதம் வேறு கூடத்துக்குப் போனேன். அங்கே ஒரு இளம் பெண் அரை மணி நேரம் எங்களோடு நின்று பேசினார். ஒரு வாசலில் கிடைத்த முகச்சுளிப்பை எல்லா வாசல்களுக்கும் எழுதிவைக்காதீர்கள்.

ஜே. அனு என்று அறியப்படும் ஓவியர் அனுரேந்திர ஜெகதேவாவின் படங்களை இப்படியொரு தனியார் கூடத்தில்தான் முதலில் பார்த்தேன். குடும்பம், புலம்பெயர்வு, கடவுளர், அரசியல் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். நம் வீட்டுச் சுவரில் கல்யாணப் படமும் சாமிப் படமும் தலைவர் படமும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நெருக்கம் சட்டென்று பிடிபடும்.

திறப்பு விழா என்றால் கூட்டத்தில் படம் தெரியாது. அதைவிடக் கலைஞர் உரையாடல் நடக்கும் நாளில் போங்கள். படம் வரைந்தவரையே நேரில் கேட்கலாம். "இதன் அர்த்தம் என்ன" என்று கேட்பதைவிட "இதை எங்கிருந்து தொடங்கினீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும்.

செந்தூலில் இருப்பவர்கள் நகருக்குள் வரவே வேண்டாம். செந்தூல் சாலையில் டி6 வணிக மையத்தில் ஏ பிளஸ் ஒர்க்ஸ் ஆஃப் ஆர்ட் என்ற கேலரி இருக்கிறது. பழைய ரயில்வே பட்டறை வளாகத்தில், நம் முன்னோர் பலர் வியர்வை சிந்திய இடத்தில், நிகழ்த்துகலை மையம் இயங்குகிறது. கம்போங் அத்தாப்பில் ஜோங்ஷான் கட்டடம் இன்னொன்று. 1950-களில் கட்டிய பழைய கடைவீடுகள். கேலரி, புத்தகக் கடை, வடிவமைப்பு ஆவணக் காப்பகம் எல்லாம் மாடிப்படிகளுக்கு இடையே ஒளிந்திருக்கும். மகாராஜாலேலா மோனோரயில் நிலையம் பக்கம்.

சிறு பிள்ளைகளோடு என்றால் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் நல்ல தொடக்கம். சாசானா கிஜாங் கட்டடத்தில் 2011 முதல் இருக்கிறது, கட்டணம் இல்லை, பிள்ளைகளுக்குத் தனி அரங்கு உண்டு, ஓவியச் சேகரிப்பும் உண்டு. எந்தக் கூடமானாலும் பிள்ளைகளோடு முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துத் தரையில் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். அந்தப் படம் அவர்களுக்கு ஆயுளுக்கும் மறக்காது.

பினாங்குக்குப் போனால்

ஜார்ஜ் டவுனில் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் வரைந்த சுவரோவியங்களின் முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். அப்படியே குருத்வாரா சாலை ஹின் பஸ் டிப்போவுக்கும் ஒரு நடை போங்கள். 1947-இல் கட்டிய பஸ் பணிமனை. 2014-இல் அதே ஓவியரின் கண்காட்சியோடு கலை வெளியாகத் திறந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தையும் கூடும். கூட்டம் ஆகாதவர்கள் வார நாளில் போகலாம்.

வீடு திரும்பிய பின்

பார்த்த படத்தில் ஒன்றைப் பற்றி அன்றிரவே நாலு வரி எழுதிவையுங்கள். தலைப்பும் கலைஞர் பெயரும் ஆண்டும் இருந்தால் போதும்.

புகைப்படக் கண்காட்சியாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. வீட்டு அலமாரியில் பிஸ்கட் டின்னில் கிடக்கும் பழைய படங்களை எடுங்கள். பசை தடவிய தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் கவனமாக வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். எளிதில் வராத படத்தை இழுக்காதீர்கள், அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு முகமாகக் கேளுங்கள். பெயர், ஊர் அல்லது தோட்டம், தோராயமான ஆண்டு, கையில் என்ன வைத்திருக்கிறார், யார் படம் எடுத்தது. பதிலைப் படத்தின் பின்புறம் ஓரமாக, மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். எழுத்தின் தடம் முன்பக்கம் புடைக்கும், மையும் ஊறும். பின்புறம் வழவழப்பாக இருந்து பென்சில் பதியாவிட்டால் தனித் தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள்.

அத்தையிடம் இருந்த பதினேழு படங்களுக்குப் பெயர் எழுத எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரண்டு முகங்களுக்கு மட்டும் அவராலும் பெயர் சொல்ல முடியவில்லை. "பெரட்டில் என் பக்கத்தில் நின்றவள்" என்று ஒன்றின் பின்னால் எழுதச் சொன்னார். மற்றதன் பின்புறம் இன்னும் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.